கவனம் எத்தனையாவது இடத்தில்?



சுரங்கப் பாதுகாப்பைப் பற்றித் தமிழாசிரியர் எழுதுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். சிங்கப்பூரில் தங்கச் சுரங்கமும் இல்லை; நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. புக்கிட் தீமாவிலும் புலாவ் உபினிலும் ஒரு காலத்தில் கருங்கல் வெட்டியெடுத்த பள்ளங்களில் இன்று நீர் தேங்கிக் கிடக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று படமெடுத்துக்கொள்ளும் இடங்களாக அவை மாறிவிட்டன. ஆயினும் நம் காலடியில் மண் அகழப்படுவது நின்றபாடில்லை. பெருவிரைவு ரயிலுக்காகவும், கழிவுநீர்க் குழாய்க்காகவும், மின்கம்பி வடத்துக்காகவும் பூமிக்குள் நெடுங்குகைகள் குடையப்படுகின்றன. ஜூரோங் தீவின் அருகே கடலடிக்கும் கீழே எண்ணெய்ப் பொருள்களைச் சேமிக்கும் பாறைக் குகைகள் 2014-இல் திறக்கப்பட்டன. அவை இருப்பது ஏறத்தாழ 130 மீட்டர் ஆழத்தில். சுரங்கத் தொழிலாளியை அச்சுறுத்தும் மண்ணின் அழுத்தம், நீர் புகுதல், காற்றுக் குறைவு, வெளியேற வழியின்மை ஆகிய நான்கும் இத்தகைய வேலையிடங்களிலும் உண்டு. அவற்றில் இறங்கி உழைப்போருள் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் நாம் தோளுரசி நடப்பது அவர்களோடுதான்.

இஃது ஒரு காரணம். மற்றொரு காரணம், நாம் வகுப்பில் நடத்தும் கட்டுரைப் பாடம்.

வகுப்பில் ஒரு வரிசை

உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘வேலையிட விபத்துகளைத் தவிர்க்கும் வழிகள்’ என்னும் தலைப்பைக் கொடுத்திருந்தேன். உடனே எழுதச் சொல்லவில்லை. விபத்துக்குக் காரணமாகக் கூடியவற்றை முதலில் சொல்லச் சொல்லி வெண்பலகையில் எழுதினேன். எட்டுக் காரணங்கள் கிடைத்தன. தொழிலாளியின் கவனக்குறைவு, பாதுகாப்புக் கவசம் அணியாமை, பயிற்சியின்மை, களைப்பு, மேற்பார்வைக் குறைவு, பழுதான கருவி, வேலையை முடிக்கும் அவசரம், பிழையான வடிவமைப்பு என்பன அவை. இவற்றை முக்கியத்துவம் கருதி வரிசைப்படுத்துமாறு கூறினேன்.

ஏறத்தாழ எல்லாரும் கவனக்குறைவையே முதலிடத்தில் வைத்தனர். கவசம் அணியாமை இரண்டாமிடம் பெற்றது. வடிவமைப்பு பெரும்பாலான தாள்களில் எட்டாவதாக நின்றது. அஃது ஏன் என்று வினவினேன். “பொறியாளர்கள் படித்தவர்கள், டீச்சர். அவர்கள் கணக்கில் தப்பு வராது” என்றான் ஒரு மாணவன். ஒரு மாணவி இன்னும் ஒருபடி மேலே சென்று, திருக்குறளில் ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே என்றாள். மறதியும் அசட்டையும் ஒருவனைக் கெடுக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ என்பது அவள் கருத்து.

அம்மாணவி கூறியது எனக்கு மகிழ்ச்சியையே தந்தது. ஆனால் உடனே ஒரு கேள்வி கேட்டேன். அந்த அதிகாரம் எந்த இயலில் உள்ளது? நூலைப் புரட்டிப் பார்த்தனர். பொருட்பாலில், அரசியலில், 54-ஆம் அதிகாரம். அசட்டையாக இராதே என்னும் அறிவுரையை வள்ளுவர் அரசனுக்குரிய இயலில் வைத்தார். படைக்கலம் ஏந்தி வாயிலில் நிற்கும் வீரனை நோக்கி அதைச் சொல்லவில்லை. அதிகாரம் யாரிடம் மிகுதியோ அவரிடமே கவனமும் மிகுதியாக எதிர்பார்க்கப்பட வேண்டும் என்பது அதன் பொருளாகக் கொள்ளத்தக்கது. வகுப்பு சற்று அமைதியாயிற்று.

வரிசை எவ்வாறு முடிவாகிறது?

காரணங்களை எடைபோட்டு வரிசைப்படுத்துவதற்கு வேலையிடப் பாதுகாப்புத் துறையில் தெளிவான முறை உண்டு. சிங்கப்பூரில் ஒவ்வொரு நிறுவனமும் வேலையைத் தொடங்குமுன் ஆபத்து மதிப்பீடு செய்தாக வேண்டும் என்பது 2006 முதல் சட்டவிதி. அதில் இரண்டு வினாக்கள் எழுப்பப்படுகின்றன. தீங்கு நேர்ந்தால் அது எவ்வளவு கொடியதாக இருக்கும்? அது நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்புள்ளது? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் இட்டுப் பெருக்குவது இங்கு வழங்கும் முறை. கையில் சிறு கீறல் அடிக்கடி நேரலாம். கொடுமை 1, வாய்ப்பு 4 என்றால் பெருக்கற்பலன் 4. உயரத்திலிருந்து விழுதல் அத்தனை அடிக்கடி நேராது. ஆனால் நேர்ந்தால் உயிரே போகலாம். கொடுமை 5, வாய்ப்பு 3 என்றால் 15. பதினைந்தும் அதற்கு மேலும் உயர் ஆபத்து. அதைக் குறைக்காமல் வேலையைத் தொடங்கலாகாது.

எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை இம்முறை காட்டுகிறது. எவ்வாறு தடுக்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. அதில் ஐந்து படிகள் உள்ளன. ஆபத்தையே நீக்கிவிடுதல் முதற்படி. அபாயம் குறைந்த ஒன்றை அதற்கு மாற்றாக வைத்தல் இரண்டாம் படி. மனிதனுக்கும் ஆபத்துக்கும் இடையே தடுப்பு, தாங்கு, காற்றோட்டம் போன்ற பொறியியல் ஏற்பாடுகளைச் செய்தல் மூன்றாம் படி. விதிகள், பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, வேலைநேர ஒழுங்கு ஆகியவை நான்காம் படி. தலைக்கவசமும் காலணியும் முகமூடியும் ஐந்தாம் படி.

தரையில் ஒரு குழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழியை மூடிவிடுவது முதற்படி. அதைச் சுற்றி வேலி கட்டுவது மூன்றாம் படி. ‘குழி உள்ளது, கவனம்’ என்று பலகை வைப்பது நான்காம் படி. விழுபவன் தலையில் கவசம் இருக்கிறதா என்று பார்ப்பது கடைசிப்படி. இவ்வரிசையின் உட்பொருளை மாணவர்களுக்கு இவ்வாறு சொன்னேன்: களைத்துப்போன மனிதனையும் காப்பாற்றக்கூடிய ஏற்பாடு மேலே நிற்கிறது, ஒருபோதும் களைப்படையாத மனிதனை நம்பியிருக்கும் ஏற்பாடு கீழே நிற்கிறது. நம் மாணவர்களின் தாள்களில் வரிசை தலைகீழாக இருந்தது.

தங்கவயலும் நிலக்கரி வயலும்

சுரங்கத் தொழிலின் வரலாறு முழுவதும் இவ்வரிசைக்குச் சான்றாகிறது. தமிழருக்கு மிக நெருக்கமான சுரங்கம் கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய அச்சுரங்கங்களில் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் அது மூடப்பட்டபோது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தைத் தொட்டிருந்தது. அத்தனை ஆழத்தில் மேலிருக்கும் மலையின் முழுப்பாரமும் பாறையை நெருக்கும். தங்கம் எடுத்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறை ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். பாறை வெடிப்பு எனப்படும் இது அங்கே பல உயிர்களைக் கொண்டது.

பாறை வெடிப்புக்கு முன்னால் தொழிலாளியின் கவனம் என்ன செய்யும்? தலைக்கவசந்தான் என்ன செய்யும்? அங்கே பயன் தந்தவை வேறு. வெட்டியெடுத்த வெற்றிடங்களைக் கருங்கல் சுவர்களாலும் பின்னர்க் கான்கிரீட்டாலும் தாங்கச் செய்தனர். எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது, எதைப் பின்னர் வெட்டுவது என்னும் ஒழுங்கை மாற்றினர். நிலத்தின் அதிர்வைக் கருவிகளால் அளந்தனர். யாவும் வடிவமைப்பைச் சார்ந்தவை. இந்தியாவின் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்கு இந்த அனுபவமே அடித்தளம்.

தங்கவயலின் மற்றொரு பகை கண்ணுக்குத் தெரியாதது. பாறையைத் துளையிடும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயாகும். மூக்கில் துணியைக் கட்டிக்கொள் என்று தொழிலாளிக்குச் சொல்லலாம், அது கடைசிப்படி. துளையிடும் முனையிலேயே நீரைப் பாய்ச்சித் தூள் எழாமல் செய்யலாம், அது மேற்படி. பின்னதில் தொழிலாளி மறந்துவிட்டாலும் நீர் மறப்பதில்லை.

பீகாரில் அந்நாளில் இருந்த, இன்று ஜார்க்கண்டில் உள்ள தன்பாத் நகருக்கு அருகே, சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தில் 1975-ஆம் ஆண்டு டிசம்பர் 27-இல் 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அருகில் கைவிடப்பட்டிருந்த பழைய சுரங்கத்தில் தேங்கிய நீர் இடைச்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அத்தனை பேரும் கவனமாகவே இருந்திருக்கலாம். அவர்களுக்கும் நீருக்கும் இடையே எத்தனை அடிப் பாறையை விட்டுவைப்பது என்பது அவர்களுடைய முடிவன்று.

மேலைநாட்டு வரலாறும் ஒரு பாடம் தருகிறது. எரிவாயு நிறைந்த நிலக்கரிச் சுரங்கங்களுக்காக ஹம்ப்ரி டேவி 1815-இல் பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். அது சிறந்த கண்டுபிடிப்பே. ஆனால் அவ்விளக்கை நம்பி, அதுவரை எவரும் நுழையத் துணியாத வாயு மிகுந்த பகுதிகளிலும் கரி வெட்டத் தொடங்கினர். ஆகவே வெடிவிபத்துகள் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. நல்ல காற்றோட்டம் என்னும் முதற்கடமையை விட்டுவிட்டுக் கையிலுள்ள கருவியை நம்பினால் நேர்வது அது.

நம் ஊரில் நேர்ந்தது

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாதே என்பதற்காக, நிக்கல் நெடுஞ்சாலையைப் பற்றிக் கூறினேன். அவர்கள் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 20, பிற்பகல் ஏறத்தாழ மூன்றரை மணி. வட்டப்பாதை ரயிலுக்காக 30 மீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்டப்பட்டிருந்த அகழி இடிந்து விழுந்தது. மேலிருந்த நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் அதனோடு சரிந்தது. நால்வர் இறந்தனர். அவர்களுள் ஒருவரான மேற்பார்வையாளரின் உடல் கிடைக்கவே இல்லை. அவர் தம் குழுவினரை வெளியேற்றிவிட்டுத் தாம் சிக்கிக்கொண்டார்.

அரசாங்கம் விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் இறுதி அறிக்கை 2005 மே மாதம் வெளியாயிற்று. மாணவர்களின் எட்டாவது காரணம் அங்கே முதலிடத்தில் நின்றது. அவ்விடத்து மண் மென்மையான கடற்களிமண். அதன் வலிமையைக் கணினியில் கணக்கிட்ட முறை பொருந்தாதது. அதனால் மண் சுவரின் மீது வரும் அழுத்தம் குறைவாக மதிப்பிடப்பட்டது. இருபுறச் சுவர்களையும் தாங்கி நிற்கும் எஃகுத் தாங்கு தண்டுகள் குறுக்குவிட்டங்களோடு இணையும் இடங்களும் போதிய வலிமையின்றி வடிவமைக்கப்பட்டிருந்தன. ஒன்பதாம் அடுக்கில் அவ்விணைப்புகள் முறிந்தன. பாரம் மேலடுக்குகளுக்குத் தாவி, ஒன்றன்பின் ஒன்றாக அனைத்தும் வீழ்ந்தன.

இதனினும் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்கிறது என்று அளவைக் கருவிகள் முன்பே காட்டியிருந்தன. வேலையை நிறுத்திக் காரணத்தைத் தேடுவதற்கு மாறாக, மறுகணக்கிட்டு எல்லையளவுகள் உயர்த்தப்பட்டன. விபத்து நடந்த நாளின் காலையிலேயே எஃகிலிருந்து வழக்கமற்ற ஓசைகள் எழுந்ததைத் தொழிலாளர்கள் கேட்டனர். சொல்லவும் செய்தனர். ஆக, கவனக்குறைவு எங்கே இருந்தது? அகழியின் அடியில் இல்லை. அடியில் இருந்தவர்கள் கேட்டார்கள், கண்டார்கள், கூறினார்கள். அச்சொல் மேலே சென்று ஒரு முடிவாக மாறவில்லை.

வட்டப்பாதையின் நிக்கல் நெடுஞ்சாலை நிலையம் பின்னர்ச் சுமார் 100 மீட்டர் தள்ளி, முன்னினும் தடித்த, ஆழமான சுவர்களோடு கட்டப்பட்டு 2010 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ‘இன்னும் கவனமாக வேலை செய்யுங்கள்’ என்று சொல்லி அதே இடத்தில் அதே சுவரை எழுப்பவில்லை என்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டினேன்.

தேக்காவுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஹோட்டல் நியூ வேர்ல்டு என்னும் ஆறுமாடிக் கட்டடம் இருந்தது. 1986-ஆம் ஆண்டு மார்ச் 15 காலையில் ஒரு நிமிடத்துக்குள் அது தரைமட்டமாயிற்று. 33 பேர் மாண்டனர்; 17 பேர் மீட்கப்பட்டனர். கட்டடத்தின் சுய எடையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. “பொறியாளர் கணக்கில் தப்பு வராது” என்ற மாணவன் இதைக் கேட்டுத் தன் தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கினான். அவ்விடிபாடுகளுக்குள் உயிரோடு சிக்கியவர்களை மீட்க உதவியவர்கள் யார் தெரியுமா? அப்போது பெருவிரைவு ரயில் பாதைக்காகச் சுரங்கம் குடைந்துகொண்டிருந்த அயல்நாட்டு வல்லுநர்கள். மண்ணுக்குள் வழி தோண்டத் தெரிந்தவர்கள் தாமே முன்வந்து, இடிபாட்டின் அடியில் சுரங்கவழி அமைத்து உள்ளே சென்றனர்.

ஒரு வரியின் விலை

இவ்வளவும் கேட்டபின் மாணவர்கள் கட்டுரை எழுதினர். ஒரு மாணவன் மட்டும் தன் வரிசையை மாற்றவில்லை. கவனக்குறைவே முதற்காரணம் என்று எழுதி, கீழே ஒரு சான்றும் காட்டியிருந்தான். “என் சித்தப்பா சாரத்தில் கவனமில்லாமல் கால் வைத்ததால் கீழே விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். அவர் கவனமாக இருந்திருந்தால் இன்று ஊரில் சும்மா இருக்கமாட்டார்.”

சிவப்பு மையோடு அந்த வரியில் சிறிது நேரம் நின்றேன். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஓரத்தில் ‘சாரத்தின் பலகை எவ்வாறு இருந்தது? கைப்பிடித் தடுப்பு இருந்ததா? வீட்டில் கேட்டு எழுதுக’ என்று மட்டும் குறித்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துப் பெற்றோர் சந்திப்பு. மாணவனின் தந்தையார் வந்திருந்தார். அவரும் கட்டுமானத் துறையில் பல்லாண்டு உழைத்து, இங்கு நிரந்தரவாசியானவர். மகனின் கட்டுரையைப் பற்றி ஏதும் கேட்கவில்லை. “டீச்சர், நீங்க எழுதியிருந்ததைப் பார்த்துட்டு ஊருக்குப் போன் போட்டுத் தம்பிகிட்டக் கேட்டேன்” என்றார். “பலகை ரெண்டு நாளா ஆடிக்கிட்டு இருந்துச்சாம். சொன்னானாம். இந்த மாடியை முடிச்சிட்டு மாத்திக்கலாம்னு சொல்லிட்டாங்களாம். இதை ஏண்டா எங்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேன். ‘நீதானே அண்ணே ஆஸ்பத்திரியில வந்து, பார்த்துக் கால் வைக்கமாட்டியான்னு திட்டின’ங்கிறான்.”

நான் மறுமொழி கூறவில்லை. அவரே தொடர்ந்தார். தம்பி இழப்பீடு ஏதும் கோரவில்லை. தன் பிழைக்குத் தான் எப்படிப் பணம் கேட்பது என்று வெட்கப்பட்டு, வேலை அனுமதி முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டார்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, இங்கேதான் கட்டுரைப் பாடம் கட்டுரைப் பாடமாக மட்டும் நிற்காமற் போகிறது. சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையின்போது காயமுற்றவர் பிழை யாருடையது என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தம் கவனக்குறைவும் ஒரு காரணமாக இருந்தாலும் அவர் கோரலாம். ஆனால் விபத்து நேர்ந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். இதை அத்தந்தையாரிடம் கூறினேன். அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். ஓராண்டு நிறைவதற்கு இன்னும் ஏழு வாரங்கள் இருந்தன. அவ்வாரமே மனிதவள அமைச்சுக்குச் சென்று விவரம் கேட்டு, தம்பியின் சார்பில் கோரிக்கையைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். முடிவு இன்னும் வரவில்லை.

இத்தகைய வெட்கம் அந்த ஒருவருக்கு மட்டும் உரியதன்று. காயமுற்று வேலையின்றித் தவித்த அயல்நாட்டு ஊழியர்களுக்காகத் தேக்காவின் கஃப் சாலையில் 2008-ஆம் ஆண்டு இலவச உணவுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்குத் தேவை இருந்தது என்பதே நமக்கு ஒரு செய்தி.

செய்வினையும் செயப்பாட்டுவினையும்

மாணவர் கட்டுரைகளை மீண்டும் ஒருமுறை புரட்டியபோது மொழி பயிற்றுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று கண்ணில் பட்டது. தொழிலாளியின் குறையைச் சொல்லும் வாக்கியங்கள் யாவும் செய்வினையில் இருந்தன. ‘தொழிலாளி கவசம் அணியவில்லை’, ‘ஊழியர் விதியை மீறினார்’. மேலிருப்போர் குறையைச் சொல்லும் வாக்கியங்களோ செயப்பாட்டுவினையில் இருந்தன. ‘தாங்கு தண்டுகள் வலிமை குறைவாக வடிவமைக்கப்பட்டன’, ‘பலகை மாற்றப்படவில்லை’. முன்னதில் செய்தவன் நிற்கிறான்; பின்னதில் செய்தவன் மறைந்துவிடுகிறான். நிக்கல் நெடுஞ்சாலையைப் பற்றி மேலே நான் எழுதிய பத்தியிலும் செயப்பாட்டுவினைகள் நிறைந்திருப்பதை நீங்கள் காணலாம். பல கைகள் சேர்ந்து செய்த பிழைகளைச் சொல்ல அந்த வினைவடிவம் தேவைப்படுவதும் உண்டு. ஆனால் மாணவன் அதை அறிந்து கையாள வேண்டும். ‘இவ்வாக்கியத்தின் எழுவாய் யார்?’ என்று கேட்பது இலக்கண வினா மட்டுமன்று. நீதி பற்றிய வினாவும் ஆகும்.

நோய் எது, அதன் முதற்காரணம் எது, தணிக்கும் வழி எது என்று ஒழுங்காக ஆராயுமாறு ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் வழிகாட்டியிருக்கிறார். விபத்துக்கும் அதுவே முறை. முதற்காரணத்தை நாடாமல் கடைசியில் கால் வைத்தவனிடம் நின்றுவிடுவது மருத்துவமாகாது.

நாடு இந்தத் திசையில் சற்றுத் தூரம் நடந்திருக்கிறது. நிக்கல் நெடுஞ்சாலைக்குப்பின் அதே 2004-இல் மேலும் இரண்டு பெரும் விபத்துகள் நேர்ந்தன. ஏப்ரல் 29-இல் ஃபியூஷனோபோலிஸ் கட்டுமானத் தளத்தில் இருவர் மாண்டனர். மே 29-இல் கப்பல் பட்டறைத் தீயில் எழுவர் மாண்டனர். இவற்றின் விளைவாகப் பழைய தொழிற்சாலைச் சட்டத்துக்கு மாற்றாக வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. விபத்து நேர்ந்தபின் தண்டிப்பதைவிட, ஆபத்தை உருவாக்குவோரே அதை முன்கூட்டிக் குறைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2004-இல் 100,000 ஊழியர்களுக்கு 4.9 என்றிருந்த வேலையிட மரண விகிதம் 2023-இல் 0.99 ஆயிற்று. 2024-இல் மீண்டும் 1.2-க்கு ஏறி, 43 பேர் உயிரிழந்தனர். ஊழியர்களின் கவனம் இருபதாண்டுகளில் ஐந்து மடங்கு பெருகிவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்கள். மாறியவை ஏற்பாடுகள். அவை தளர்ந்தால் எண்ணிக்கை ஏறுவதையும் காண்கிறோம்.

அப்படியானால் கவனத்துக்கு இடமே இல்லையா என்று அந்த ‘பொச்சாவாமை’ மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இடம் உண்டு. ஓசையைக் கேட்பதும், பலகை ஆடுவதை உணர்வதும் கவனமே. ஆனால் அந்தக் கவனம் பயன்பட இரண்டு வேண்டும். அதைச் சொல்லும் மொழி ஒன்று. சொன்னால் செவிசாய்க்கும் மேலாளர் மற்றொன்று. இரண்டாவது நம் கையில் இல்லை. முதலாவது நம் கையில் இருக்கிறது. கட்டுமானப் பாதுகாப்புப் பயிற்சி இங்கே தமிழிலும் நடத்தப்படுகிறது. நம் மாணவர்களுள் சிலர் நாளை பொறியாளராகவும், மேற்பார்வையாளராகவும், பயிற்றுநராகவும் அத்தளங்களில் நிற்பர். கீழிருந்து ஒருவர் “அண்ணே, இது சரியா இல்லை” என்று தமிழில் சொல்லும்போது, அது புரிந்து, வேலையை நிறுத்தத் துணியும் ஒருவர் அங்கே இருப்பது சிறிய செய்தியன்று.

ஆதலின் பாதுகாப்பு பற்றிய கட்டுரை எழுதப் பணிக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. முடிவுரையில் ‘அனைவரும் கவனமாக இருப்போமாக’ என்று எழுதினால் மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த தாளுக்குச் செல்ல வேண்டா. நான்கு வினாக்களை வரிசையாகக் கேளுங்கள். இந்த ஆபத்தை அறவே நீக்கியிருக்க முடியுமா? இடையில் ஒரு தடுப்பு வைத்திருக்க முடியுமா? முன்னரே எச்சரித்தவர் உண்டா, அவர் சொல் யாரிடம் நின்றுபோயிற்று? இவற்றுக்குப் பிறகே, அவர் கவனமாக இருந்தாரா? பெற்றோர்களும் வீட்டில் இவ்வினாக்களைக் கேட்கலாம். பிள்ளை படிக்கட்டில் வழுக்கி விழுந்தால், “பார்த்து நடக்கமாட்டாயா?” என்பதற்கு முன் படியில் தண்ணீர் கிடக்கிறதா என்று பார்க்கலாம்.

அம்மாணவன் சென்ற வாரம் கட்டுரையைத் திருத்தி மீண்டும் கொடுத்தான். கவனக்குறைவு ஐந்தாமிடத்துக்கு இறங்கியிருந்தது. சான்றாக எழுதியிருந்த வரி இப்படி மாறியிருந்தது: “ஆடும் பலகையை மாற்றுமாறு என் சித்தப்பா இரண்டு நாள் முன்பே சொன்னார், அவர்கள் மாற்றவில்லை.” ‘அவர்கள்’ என்பதன் கீழ்க் கோடிட்டு, ‘யார்?’ என்று எழுதியிருக்கிறேன்.